ஜூரோங்கில் நாங்கள் நட்ட கொடிகள்

மகனே,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இப்போது பல்லே முழுதாக வரவில்லை. என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாய். கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உன் நலம் எனக்குத் தெரியும். காலையில் என் சட்டை மேல் பால் கக்கினாய், பிறகு சிரித்தாய். என் நலம் உனக்கு முக்கியமில்லை. "குழந்தைக்கு எழுதுற முதல் கடிதம். கொஞ்சம் பாசமா எழுதினா என்ன?" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறாள். பாசத்தை அவள் பார்த்துக்கொள்ளட்டும். நான் நில அளவை படித்தவன். எது எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சிராங்கூன் சாலை வாடகை அறையைக் காலி செய்துவிட்டு சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங்கில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். நீ அங்கேதான் வளரப் போகிறாய். அந்த மண்ணைப் பற்றி உனக்கு ஒரு கதை சொல்லுவார்கள். சொல்லப்போகிறவர் சபாபதி மாமா. அவரை உனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் யாருமில்லை. உன்னைத் தோளில் தூக்கிவைத்து, தொலைநோக்கியைக் கண்ணில் பொருத்தி, "உங்கப்பா இருக்காரே, அந்தக் காலத்துல குருவிக் கூட்டைக் காப்பாத்த லாரிக்கு முன்னால போய் நின்னவரு. குடிகார லாரிக்காரன் ஒருத்தன் எல்லாத்தையும் மூடிட்டான்" என்பார். இதில் இரண்டு பொய் இருக்கிறது. நான் எந்த லாரிக்கு முன்னாலும் நிற்கவில்லை. லாரிக்காரர் குடித்திருக்கவில்லை. முதல் பொய் எனக்கு மாலை போடுகிறது. அதைக் கழற்றி எறிந்துவிடலாம். இரண்டாவது பொய் ஒரு மனிதரின் பிழைப்பைத் தின்றுவிட்டது. அது உன் காதில் முதலில் விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சபாபதி அண்ணன் சிராங்கூன் சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிகளோடு தொலைநோக்கிகளும் விற்றார். விற்ற தொலைநோக்கிகளைச் சும்மா வைத்திருக்கிறார்களே என்று வாங்கியவர்களையெல்லாம் ஒரு ஞாயிறு காலை கூப்பிட்டார். அப்படித் தொடங்கியதுதான் எங்கள் பறவைக் கூட்டம். கடையின் அஞ்சடியில், அதாவது வாசல் முன்னால் கூரை போட்ட நடைபாதையில், விடியற்காலையில் கூடுவோம். ஆளுக்கொரு கோப்பை தே, தேநீரைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், குடிப்போம். வாடகை வேனில் ஏறி ஏதாவது சதுப்புக்கோ நீர்த்தேக்கத்துக்கோ போவோம். குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், தேக்கா சந்தையில் மீன் விற்ற ஒரு மலாய்க்காரர், தட்டச்சு வேலை பார்த்த மிஸ் லிம், தொழில்நுட்பப் பள்ளியில் நில அளவை படித்து முடித்திருந்த நான், தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த உன் அம்மா. வெள்ளைக்காரர்களின் சங்கம் ஒன்று ஊரில் இருந்தது. அதற்குள் நுழைய யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். எங்களிடம் நுழைய ஒரு கோப்பை தே வாங்கும் காசு போதும். அது நல்ல காரியம். அதை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் சபாபதி அண்ணனுக்கு ஒரு கொள்கை இருந்தது. "நம்ம கூட்டத்துல பெரியவன் சின்னவன் கிடையாது. எதுவானாலும் கை தூக்கித்தான் முடிவு." ஊரில் எல்லோரும் புதிதாக ஓட்டுப் போடத் தொடங்கியிருந்த காலம் அது, கை தூக்குவதில் ஒரு ருசி இருந்தது. எங்கே போவது, யார் வேன் காசு வசூலிப்பது என்பதற்கெல்லாம் கை தூக்கினால் சரி. இவர்கள் பறவைக்கும் கை தூக்கினார்கள். கிராஞ்சிச் சதுப்பில் ஒருமுறை வெகு உயரத்தில் ஒன்று வட்டமிட்டது. செம்பருந்து என்றேன். கடற்கழுகு என்றார் ஒரு வாத்தியார். "கழுகுன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் சபாபதி அண்ணன். மொத்தக் கூட்டமும் கழுகுக்குத் தூக்கியது. கழுகு என்றால்தானே வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ள முடியும். அதற்குள் அந்தப் பறவை தாழ வந்து, எங்கள் தலைக்கு மேலேயே திரும்பி, செம்பழுப்பு முதுகைக் காட்டிவிட்டுப் போனது. "ஓட்டெடுப்பு முடிஞ்சு போச்சு லா" என்றாள் மிஸ் லிம், எந்த வாக்கியத்தையும் 'லா' போட்டு முடிக்கும் இந்த ஊர் ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "ஏன் சார், பருந்துக்கு நீங்க என்ன மச்சான் முறையா?" என்று கேட்டாள் ஒரு டீச்சர். அவளைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். ஆகவே அந்தக் கூட்டத்தால் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்லமுடியாது.

கல்யாணமான அடுத்த வருடம் எனக்கு ஜூரோங்கில் வேலை. அப்போது அங்கே தொழிற்சாலையும் இல்லை, வீடும் இல்லை. குன்றுகளை வெட்டி அந்த மண்ணைச் சதுப்பில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என் வேலை முளை அடிப்பது. லெவல் கருவியில் பார்த்து, இங்கே மண் போட வேண்டும் என்றால் ஒரு முளையை அடித்து அதன் தலையில் சிவப்புத் துணி கட்டுவேன். அந்த இடத்தில் மண் போதும், இனித் தொடாதே என்றால் வெள்ளைத் துணி. அவ்வளவுதான் அந்தச் சைட்டின் மொழி. லாரி ஓட்டியவர்களில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் உண்டு. பலருக்குப் படிக்கத் தெரியாது. துணியின் நிறத்தைப் பார்த்துக் கொட்டுவார்கள், நிறத்தைப் பார்த்து விலகிப் போவார்கள். காலை முதல் மாலை வரை அந்தத் தூசிக்குள் வேறு பேச்சே வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் என் முளைகள் மேல் பஞ்சுருட்டான்கள் உட்கார்ந்திருந்தன. நீ பார்த்திருப்பாய், ஜூரோங்கில் இன்னமும் வரும்: தலை செம்பழுப்பு, தொண்டை நீலம், வாலிலிருந்து கம்பி மாதிரி இரண்டு இறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும். தேனீயைப் பிடித்து வந்து முளையில் அடி அடி என்று அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். அவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. இளகிய மணல்தரையில் சரிவாகச் சுரங்கம் தோண்டி, அதன் கடைசியில் முட்டை இடும். அந்த மாதிரித் தரை முன்பு அங்கே இருந்ததில்லை. நாங்கள் குன்றை வெட்டிப் பரப்பியதால்தான் வந்தது. நாங்களே போட்டுக் கொடுத்த தரையில், நாங்களே மறுபடி மூடப்போகும் மூலையில், தரை முழுக்கச் சிறு ஓட்டைகள். காதை வைத்தால் உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

நான் என்ன செய்தேன் என்றால், அந்த மூலையில் இருந்த என் சிவப்பு முளைகளைப் பிடுங்கிவிட்டேன். அளவில் சந்தேகம் இருக்கிறது, திரும்ப அளக்கணும், மற்ற பக்கத்தை முதலில் முடியுங்கள் என்று சைட் மேஸ்திரியான மண்டோரிடம் சொன்னேன். அந்தச் சீனக் கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஒருநாளும் சந்தேகம்னு சொல்ற ஆள் இல்லையே" என்றார் கடைத்தெரு மலாயில். ஆனாலும் விட்டுவிட்டார். முளை இல்லாத இடத்தில் ஒரு லாரியும் கொட்டாது. குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மூலை சும்மா கிடந்தால் போதும். பொய் சொன்னேன், பிடிபட்டால் வேலை போயிருக்கும். அது தெரிந்துதான் செய்தேன். பிறகு, கூட்டத்தாரிடம் சொன்னேன். ஞாயிறுகளில் சைட்டில் வேலை இல்லை. வேனில் வந்தார்கள், பார்த்தார்கள், வாயைப் பிளந்தார்கள். சபாபதி அண்ணன் என் தோளைக் கட்டிக்கொண்டு, "தம்பி, நீங்க முரட்டு ஆளு, ஆனா தங்கம்" என்றார்.

அடுத்த ஞாயிறே ஒரு வாத்தியாரின் கால் ஒரு சுரங்கத்தின் கூரைக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, காலிக் கூடு. ஆனாலும் எல்லோரும் பதறிப்போனார்கள். அன்று மாலை கடை மாடியில் கூடினோம். ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, கொடி கட்டிவிட்டால் யாரும் மிதிக்கமாட்டார்கள் என்றார் சபாபதி அண்ணன். நான் எழுந்து சொன்னேன்: "சைட்ல ஒன்னும் நடாதீங்க. அங்க குச்சின்னா வேலைன்னு அர்த்தம்." கடை பில்லின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினேன். தமிழில் சொன்னேன், மிஸ் லிம்முக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன். கை தூக்கினார்கள். கொடி வேண்டும் என்று எல்லோரும். வேண்டாம் என்று நான் ஒருவன். ஒரு சைட்டில் குச்சிக்கு என்ன அர்த்தம் என்பதைக் கடை மாடியில் ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். சரி, நடுவதானால் வெள்ளை கட்டுங்கள், வெள்ளை என்றால் லாரி தொடாது, சிவப்பை மட்டும் கட்டிவிடாதீர்கள் என்றேன். அதற்கும் கை தூக்கினார்கள். வெள்ளை என்று முடிவாகியது. யோசித்துப் பார்த்தபோது, நான் செய்ததைவிட அது நல்ல ஏற்பாடாகவே தோன்றியது. வெள்ளைக் கொடி இருந்தால் மண்டோரே அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

உன் அம்மா என் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடிகள் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சாலை அளவை, மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். போகாமல் இருக்கமுடியாது. அவர்கள் நான் இல்லாமல் போனார்கள். அன்று காலை அஞ்சடியில் என்ன நடந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உன் அம்மா பையிலிருந்து கொடிகளை எடுத்ததும் மிஸ் லிம் பின்னால் நகர்ந்தாளாம். "வெள்ளையா? குஞ்சு இருக்கிற இடத்துலயா? வேண்டாம் லா. எங்க வீட்ல செத்தவங்களுக்குத்தான் வெள்ளை." உன் அம்மாவுக்கும் தைக்கும்போதே அந்த உறுத்தல் இருந்திருக்கிறது. அப்போது அவளுக்கு ஒரு கரு கலைந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. உனக்கு முன்னால் ஒருவர் வர இருந்தார் என்பதை நீ இப்போதுதான் தெரிந்துகொள்கிறாய். அவள் எங்கள் அறைக்கு ஓடி, யார் வீட்டிலோ தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்திருந்த சிவப்பு ரவிக்கைத் துணியை எடுத்துவந்தாள். "மங்களமா சிவப்பே இருக்கட்டும்மா" என்றார் சபாபதி அண்ணன். தம்பி சிவப்பு கூடாது என்றாரே என்று மீன்கார மலாய்க்காரர் நினைவுபடுத்தினாராம். "ஒருநாள்தானே, அவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்" என்றுவிட்டார் அண்ணன். வேன் பக்கத்தில் நின்றபடியே கை தூக்கினார்கள். உன் அம்மாவும் தூக்கினாள்.

மாலையில் வந்து சோறு சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "நட்டாச்சா?"

"ஆச்சு."

"எல்லா ஓட்டைக்குமா?"

"ம். அழகா இருந்துச்சுங்க."

அவள் நிறத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கத்துவேன். கத்தியிருப்பேன்தான், கத்திவிட்டு, கிடைத்த லாரியில் ஏறிப் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருப்பேன். மனைவி கணவனிடம், மகன் அப்பனிடம், கத்துவானே என்று ஒன்றை மறைத்தால் அதற்கு யார் பொறுப்பு என்று நீ பெரியவனானதும் யோசித்துக்கொள். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. ஆனால் நீ என்னிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிடு. கத்துவேன். கேட்டுக்கொள். பிறகு ஆக வேண்டியதைச் செய்வேன்.

திங்கட்கிழமை காலை நான் சைட்டின் மறுகோடியில் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு இந்தப் பக்கம் வந்தபோது அந்த மூலை உயர்ந்திருந்தது. நடந்துகொண்டே அதை அளந்தேன், பழக்கம். புதிய செம்மண், குவியல் குவியலாக. குவியல்களுக்கு மேல் குச்சிகளின் நுனியும் சிவப்புத் துணியும் தெரிந்தன. அந்த நுனிகளில் பஞ்சுருட்டான்கள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு தும்பியோ தேனீயோ. அடித்துக் கொன்று, கொடுக்கெல்லாம் நீக்கி, குஞ்சுக்குத் தயாராக வைத்துக்கொண்டு, எங்கே கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தன. ஒன்று இறங்கி மண்ணைக் கொத்திப் பார்த்துவிட்டு மறுபடி குச்சிக்குப் போனது.

லாரிக்காரர் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்ன தம்பி? கொடி இருந்துச்சு, கொட்டினேன். கொடி இல்லாத எடத்துல கொட்டினாத்தானே திட்டுவ?" நான் விஷயத்தைச் சொன்னதும் சோற்றை மூடி வைத்துவிட்டு லாரியிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்தார். இரண்டு பேரும் தோண்டினோம். கொடி இருப்பது சுரங்கத்தின் வாயில். குஞ்சுகள் இருப்பது உள்ளே, ஏதோ ஒரு திசையில். எங்கே தோண்டினாலும் இளகிய மண் சரிந்து மூடியது. ஒரு கூட்டைக் கண்டுபிடித்தோம். அதற்குள்ளும் மண் போய்விட்டிருந்தது. உருளை இயந்திரம் வந்து நின்றது. மண்டோர் கையை ஆட்டி எங்களை நகரச் சொன்னார். நான் நகர்ந்தேன். லாரிக்கு முன்னாலும் நிற்கவில்லை, உருளைக்கு முன்னாலும் நிற்கவில்லை. மூடிய பிறகு மறித்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த கூட்டத்தில் சபாபதி அண்ணன் கண் கலங்கிப் பேசினார். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் வருத்தம்தான் என்றார். நான் எழுந்து, குற்றம் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றேன். வெள்ளை என்று முடிவு செய்தது எந்த ஓட்டு, சிவப்பு என்று மாற்றியது எந்த ஓட்டு என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது மிஸ் லிம் சொன்னாள்: "நீ எல்லாத்துக்கும் கத்துற. பருந்துக்குக் கத்தினே, வேன் லேட்டா வந்தா கத்தினே, தேயில சீனி கூடிப் போச்சுன்னு கத்தினே. எந்தக் கத்தல் நிஜம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" படியிறங்கி வெளியே வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் பலமுறை அதை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். அதற்காகச் சிவப்பு வெள்ளையாகிவிடாது.

நான் வெளியேறிய பிறகு அவர்கள் இன்னொரு முடிவு எடுத்தார்கள். மண்ணடிக்கும் கம்பெனிக்குப் புகார் எழுதுவது. கூட்டத்தில் ஒருவர் திங்கட்கிழமை மாலை கள்ளுக்கடை வாசலில் ஜூரோங் மண் லாரியையும் அதன் எண்ணையும் அந்த லாரிக்காரரையும் பார்த்திருக்கிறார். மாலையில் கள்ளுக்கடையில் இருந்தவன் காலையிலும் குடித்திருப்பான். குடித்திருந்ததால்தான் கண் தெரியாமல் கொட்டியிருப்பான். கை தூக்கினார்கள். அவர் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. லாரி எண்ணைப் போட்டு எழுதினார்கள். மரியாதைக்குரிய கடைக்காரர், ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதியதால் கம்பெனி உடனே நம்பிவிட்டது. அவரை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு மண்டோர் சொல்லித்தான் தெரியும். அன்றே சைட் இன்ஜினியரிடம் போனேன். முளைகளைப் பிடுங்கியது நான், கொடி நட்டது எங்கள் கூட்டம், ஓட்டுநர் கொடியைப் பார்த்துத்தான் கொட்டினார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஓட்டுநர்கள் கம்பெனியின் ஆட்கள், அதில் தலையிடமுடியாது என்றார். முளை பிடுங்கியவன் தன்னுடைய ஆள், அதில் தலையிடமுடியும் என்றார். ஆக, ஒருவருக்குப் பதில் இரண்டு பேருக்கு வேலை போனது. சபாபதி அண்ணனிடம் போய், குடிக்கவில்லை என்று கம்பெனிக்கு மறுகடிதம் எழுதுங்கள் என்றேன். "அது கூட்டம் எடுத்த முடிவு தம்பி, நான் தனியா மாத்தமுடியாது" என்றார். மாடியில் எல்லோரையும் கூட்டிக் கேட்டார், நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். ஒரு கையும் எழவில்லை. உன் அம்மாவின் கைகள் மடியில் இருந்தன. பிறகு சபாபதி அண்ணன் கீழே வந்து என் கையைப் பிடித்து, "வேலை போயிடுச்சேன்னு கவலைப்படாதீங்க. நம்ம கடையில லென்ஸ் தேய்க்க ஆள் வேணும்" என்றார். உண்மையான அன்போடுதான் சொன்னார். அதுதான் எனக்கு அவர்மேல் உள்ள கோபத்திலேயே பெரிய கோபம்.

பல மாதம் உன் அம்மா சம்பளத்தில் சாப்பிட்டோம். பிறகு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்தது. கூட்டம் ஞாயிறுதோறும் போய்க்கொண்டுதான் இருந்தது. புதியவர்கள் சேர்ந்தார்கள், புதியவர்களுக்குக் கதை தேவைப்பட்டது. முதலில் லாரிக்காரன் குடிகாரன் ஆனான். பிறகு நான் லாரியை மறித்தேன். கொடி கதையிலேயே இல்லை. உன் அம்மா அவ்வப்போது அவர்களோடு போய்வந்தாள், நான் தடுக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில், ஒரே பாயில், அந்தச் சிவப்புத் துணியை நடுவில் போட்டுக்கொண்டு இவ்வளவு வருடம் இருந்தோம். நீ வந்த பிறகும்கூட.

போன மாதம் உனக்குச் சோறு ஊட்டும் விசேஷம். சபாபதி அண்ணன் ஒரு சிறிய தொலைநோக்கியை உனக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். ஜூரோங்குக்குப் போகிறோம் என்று யாரோ சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உறவுக்காரர்கள் நடுவில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "ஜூரோங்கா! அங்கதான் உங்கப்பா லாரியை மறிச்சாரு" என்று தொடங்கினார். நான் எழுந்து போக இருந்தேன். அதற்குள் உன் அம்மா பாயசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, கொடியையும் சொல்லுங்க."

"எந்தக் கொடிம்மா?"

"நான் கிழிச்ச சிவப்புக் கொடி. இவர் வெள்ளைன்னு சொன்னாரு. நாமதான் மாத்தினோம். அந்த டிரைவர் குடிக்கல. குடிச்சான்னு எழுதினது நாம."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, நல்ல நாள்ல..."

"நல்ல நாள்ல என் பிள்ளை காதுல பொய் ஏறக் கூடாதுண்ணே."

அவர் உன்னை மெல்ல என் கையில் கொடுத்தார். பாயசத்தைத் தொடாமல், எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. இந்த வார்த்தைக்காக நான் இத்தனை வருடம் காத்திருந்தவன். கேட்டதும் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. எங்களுக்கு மட்டும் தெரிந்து என்ன பயன் என்றுதான் தோன்றியது. உன் அம்மாவுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். "அந்த டிரைவரைப் போய்ப் பார்க்கணும்" என்றாள்.

தேடிப் பிடித்தோம். வேலை போனதும் அவர் பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குப் போய்விட்டிருந்தார். அவர் போனபோது அது பக்கத்து ஊர். நடுவில் சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்துவிட்டது; நாங்கள் போகும்போது அது வேறு நாடு. உன்னையும் தூக்கிக்கொண்டு, எல்லையில் வரிசையில் நின்று, இரண்டு பஸ் மாறி ஓர் அன்னாசித் தோட்டத்துக் குடியிருப்புக்குப் போனோம். லாரியின் அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. உன் அம்மா நேராக, "கொடி கட்டினது நான்தான் அண்ணே. உங்க மேல பொய் எழுதினதும் எங்க ஆளுங்கதான். மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி வெளியே வந்து நின்றாள். "அந்தக் கம்பெனிக்காரன் எல்லாச் சைட்டுக்கும் சொல்லிட்டான்மா, இவன் குடிகாரன்னு. சிங்கப்பூர்ல ஒருத்தனும் என்னை ஏத்தல. இங்க வந்தேன். எம் மகளைக் கேட்டு வந்தவங்ககூட, அப்பன் குடிச்சிட்டு லாரி ஓட்டுனவனாமேன்னு திரும்பிப் போனாங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர். "நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும். எங்ககிட்ட சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்களா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க." பிறகு லாரிக்கு அடியில் போய்விட்டார். அவர் மனைவி உனக்கு ஓர் அன்னாசித் துண்டு கொடுத்தாள். நீ அதைச் சப்பிவிட்டு முகத்தைச் சுளித்தாய்.

அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டி, பெட்டியில் வைத்து, நீ பெரியவனாகும்வரை காத்திருக்கப் போவதில்லை. உன் பெயருக்கு எழுதி, நம் ஊர்த் தமிழ்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். சிராங்கூன் சாலையில் எல்லோரும் படிக்கட்டும்; மண்ணடிக்கிறவர்கள் படிக்கட்டும்; ஜோகூரில் பெண் பார்க்கப் போகிறவர்களும் படிக்கட்டும். படித்துவிட்டு உன் அம்மா ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. "என்னைப் பத்தி எழுதினது அப்படியே இருக்கட்டும்" என்றாள். சபாபதி மாமா உன்னைப் பறவை பார்க்கக் கூப்பிட்டால் போ. அவரைவிட அன்பான துணை உனக்குக் கிடைக்காது. அவர் கதை சொல்லத் தொடங்கினால் மட்டும், மரியாதையாக, சத்தம் போடாமல், இதைச் சொல்லிவிடு.

லாரி ஓட்டியவர் பெயர் காத்தமுத்து. அன்று காலை அவர் குடித்திருக்கவில்லை. கொடி இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டினார். கொடி எங்களுடையது.

உன் அப்பா